பெயரை நீங்களே சொல்லுங்க, ஆயா

2004ஆம் ஆண்டு. மலேசியாவில், பினாங்கில் ஒரு மருத்துவமனை, பெண்கள் வார்டு, மாலை ஐந்தரை மணி. நான் தாதி வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலினைச் சின்னத் தட்டில் எடுத்துக்கொண்டு ஏழாம் கட்டிலுக்குப் போனேன். தட்டில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் கட்டில் எண் மட்டும் எழுதியிருந்தது.

"லெட்சுமி ஆயாதானே?"

ஆயா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஆமாம்மா."

எட்டு யூனிட் ஆக்ட்ராபிட். வயிற்றில் குத்திவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஆயாவின் நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுங்குகிறது, கேட்ட கேள்விக்குப் பதில் குழறுகிறது, எதிரே வைத்த சாப்பாட்டைத் தொடவே இல்லை. விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன். 2.3. இங்கே மில்லிமோல் கணக்கு, நான்குக்குக் கீழே போனாலே நாங்கள் ஓடுவோம். இது 2.3. கேஸ் நோட்டைத் திறந்தபோதுதான் பெயர் கண்ணில் பட்டது. அவர் லெட்சுமியே இல்லை. கால் வீக்கத்துக்காக அன்று மதியம் சேர்க்கப்பட்டவர், சர்க்கரை நோயும் கிடையாது. லெட்சுமி ஆயாவைக் கழிவறைக்குப் பக்கமாக ஒன்பதாம் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள்.

டாக்டர் ஓடி வந்தார். 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரைக் கரைசல் நரம்பில் போனது, விடிய விடிய ட்ரிப் ஓடியது, மணிக்கு ஒருமுறை விரலைக் குத்திப் பார்த்தோம். ஆயா பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலை அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதபடியே கேட்டேன். "ஏன் ஆயா, பேரு லெட்சுமியான்னு கேட்டப்ப ஆமாம்னு சொன்னீங்க?"

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார். "மிஸ்ஸி ஏதோ கேட்டீங்க. இல்லன்னு எப்படிம்மா சொல்றது?"

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது நான் வார்டில் நின்று ஊசி போடுவது குறைவு. புதிதாக வரும் தாதிகளுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் நோயாளிப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு வகுப்பையும் அந்த ஆயா சொன்ன பதிலில்தான் ஆரம்பிக்கிறேன். மருத்துவமனைக்குள் நான் கேட்ட வார்த்தைகளில் என்னை மிகவும் பயமுறுத்துவது இந்த 'ஆமாம்'தான். நோயாளி மரியாதைக்காகச் சொல்வார், புதுத் தாதி பயத்தில் சொல்வாள், ஹவுஸ்மேன் எனப்படும் பயிற்சி டாக்டர் தூக்கக் கலக்கத்தில் சொல்வார்.

நம் ஆட்களிடம் இது கூடுதலாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு ஆஸ்பத்திரி என்றாலே டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வரும் இடம். வெள்ளைச் சட்டை போட்டவரிடம் எதிர்க்கேள்வி கேட்கும் பழக்கமே அவர்களுக்குக் கிடையாது. காது கேட்கவில்லை என்றாலும், மலாயில் கேட்ட கேள்வி பாதிதான் புரிந்தது என்றாலும் தலை ஆடிவிடும். அந்தத் தலையாட்டலே ஒரு சிக்கல். நமக்கு அது 'ஆமாம்'. பக்கத்தில் நிற்கும் மலாய்க்காரத் தாதிக்கும் சீனத் தாதிக்கும் அது 'இல்லை' மாதிரித் தெரியும். "கெபாலா கொயாங்", அதாவது தலையை ஆட்டினார் என்று மலாயில் கேஸ் நோட்டிலா எழுத முடியும்?

அதனால் பயிற்சியின் முதல் பாடம் கேள்வியை மாற்றுவது. "லெட்சுமிதானே?" என்று கேட்கக் கூடாது. "உங்க பேரு என்ன ஆயா? முழுப் பேரையும் நீங்களே சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். பெயர் நோயாளியின் வாயிலிருந்து வர வேண்டும், நம் வாயிலிருந்து அல்ல. பெயரோடு இன்னொரு அடையாளமும் வேண்டும், பெரும்பாலும் ஐசி எனும் அடையாள அட்டையின் எண். இரண்டையும் கைப்பட்டையோடும் மருந்துச் சீட்டோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். கட்டில் எண் அடையாளமே கிடையாது. கட்டில் மாறும், மனிதர் மாறமாட்டார். நான் 2004இல் கையில் பிடித்திருந்த துண்டுச் சீட்டு எதற்கும் உதவாத சீட்டு என்பது இப்போது முதல் வார மாணவிக்குக்கூடத் தெரியும்.

பெயர் ஒன்று மட்டும் ஏன் போதாது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். லெட்சுமி, சுப்ரமணியம், முனியாண்டி, சரஸ்வதி. ஒரே வார்டில் ஒரே பெயரில் இருவர் இருப்பது சர்வசாதாரணம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் நின்று "மணியம்!" என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்புவார்கள்? ஆங்கில எழுத்தில் லெட்சுமியை நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். பிறந்த பத்திரத்தை எழுதிய கிராணி, அதாவது குமாஸ்தா, அன்றைக்கு எப்படிக் காதில் வாங்கினாரோ அப்படித்தான். கணினியில் ஒரு விதமாகத் தேடினால் இன்னொரு லெட்சுமி வந்து நிற்பார். நடுவில் வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்), அதன் பிறகு வரும் அப்பா பெயர், இவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் யாரென்று தெளிவாகும். ஆனால் அவசரத்தில் கண் முதல் பெயரோடு நின்றுவிடுகிறது. ஒரே பெயரில் இருவர் இருந்தால் கேஸ் நோட்டில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். கட்டில்களையும் தள்ளிப் போடுகிறோம்.

ஐசி எண் நல்ல அடையாளம். 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்கு என்றால் 07. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. இதையும் நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன், ஏனென்றால் கைப்பட்டையில் தவறாக அச்சான எண்ணைச் சில நேரம் கண்ணாலேயே பிடித்துவிடலாம். பெண் வார்டில் ஒற்றைப்படையில் முடியும் எண் இருந்தால் கை தானாக நிற்க வேண்டும். ஒரு தொல்லை உண்டு. பழைய ஆட்களில் பலருக்கு ஐசியில் உள்ள தேதி ஒன்று, வீட்டில் சொல்லும் தேதி இன்னொன்று. "பொறந்த நாள் என்ன?" என்று கேட்டால், "தைப்பூசத்துக்கு ரெண்டு நாள் முன்ன" என்பார்கள். அது பொய்யில்லை, அவர்களுக்குத் தெரிந்த பிறந்த நாள் அதுதான். அதனால் வயதானவர்களிடம் தேதியைக் கேட்காமல் எண்ணையே கேளுங்கள் என்கிறேன். ஆச்சரியம் என்னவென்றால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட ஐசி எண்ணை மலாயில் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அரசாங்க கவுண்டர்களில் நின்று நின்று மனப்பாடம் ஆன எண் அது.

இதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து யோசித்த விதிகள் இல்லை. மலேசியாவில் நோயாளிப் பாதுகாப்பு மன்றம் 2003இல் அமைந்தது. 2013இல் 13 இலக்குகளை வகுத்தார்கள், 2021இல் அவற்றைத் திருத்தி ஏழாக்கினார்கள். பாதுகாப்பான அறுவை சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, மருந்து, இரத்தம் ஏற்றுதல், விழாமல் காப்பது, நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பது, நடந்த தவறைத் தெரிவித்துப் பாடம் கற்பது. ஆளை அடையாளம் காண்பது என்ற சாதாரண விஷயத்துக்குத் தனி இலக்கு எதற்கு என்று வகுப்பில் எப்போதும் ஒருவர் கேட்பார். ஆள் தவறினால் மற்ற ஆறையும் அச்சுப் பிசகாமல் செய்தும் பயனில்லை. என் இன்சுலின் அளவு சரி, ஊசி சுத்தம், நேரம் சரி. ஆள்தான் வேறு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், சிகிச்சைக்கு வரும் 10 பேரில் ஒருவருக்குச் சிகிச்சையாலேயே ஏதோ ஒரு தீங்கு நேர்கிறது. அதில் பாதிக்கு மேல் தடுக்கக் கூடியது. வகுப்பில் 30 பேர் இருந்தால் மூன்று பேரை எழுந்து நிற்கச் சொல்வேன். எண் அப்போதுதான் உடம்பில் இறங்குகிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். பெயர் கேட்பதோடு இது முடிவதில்லை. நாம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நோயாளியின் பேச்சு வழக்கில் என்னவாகப் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும்.

அலர்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். "ஏதாவது அலர்ஜி இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டால் பதில், "இறால் ஒத்துக்காதுமா." ஃபாரத்தில் இறால் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். 'ஒவ்வாமை' என்றால் பத்தில் எட்டு பேருக்குப் புரியாது. நான் சொல்லிக்கொடுக்கும் கேள்வி நீளமானது. "இதுக்கு முன்னாடி எந்த மாத்திரையாவது, ஊசியாவது போட்டு உடம்பு தடிச்சிருக்கா? அரிப்பு வந்திருக்கா? முகம், உதடு வீங்கியிருக்கா? மூச்சு முட்டியிருக்கா?" அப்போதுதான் வரும். "அட ஆமாமா, சின்ன வயசுல பட்டர்வொர்த் கிளினிக்ல ஒரு மஞ்ச மாத்திரை கொடுத்தாங்க, கண்ணே தொறக்க முடியல." இந்த 'ஆமாம்' வேறு. பின்னால் ஒரு கதையோடு வருகிறது. கதையோடு வரும் ஆமாமை நம்பலாம் என்று மாணவிகளிடம் சொல்வேன்.

இன்னொரு சம்பவம். காலை அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஓர் அம்மா. முதல்நாளே, "நடுராத்திரிக்கு மேல எதுவும் சாப்பிடாதீங்க" என்று சொல்லியாயிற்று. காலையில் தாதி, "பசியாறலையே ஆன்ட்டி?" என்று கேட்டாள். இங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு என்று மலேசியத் தமிழர்களுக்குத் தெரியும். அந்த அம்மா, "இல்லமா, ஒன்னும் பசியாறல" என்றார். உண்மையைத்தான் சொன்னார். தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டாக்டர் கொஞ்சம் நின்று பேசியபோது, காலை ஆறு மணிக்கு மகள் ஃபிளாஸ்கில் கொண்டு வந்த மைலோ வெளியே வந்தது. "மைலோதானே டாக்டர், சாப்பாடா அது?" திட உணவுக்கும் பால் கலந்த பானத்துக்கும் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் ஆள் பிழைப்பதே கஷ்டம். அன்று அறுவை தள்ளிப்போனது. அந்த டாக்டர் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசியதற்கு நான் இன்றும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

அதன் பிறகு எங்கள் வார்டில் கேள்வி மாறியது. "கடைசியா வாயில என்ன வச்சீங்க, எத்தனை மணிக்கு? தண்ணி, கோப்பி, மைலோ, மாத்திரை எல்லாம் சேர்த்துச் சொல்லுங்க." 'ஆமாம்', 'இல்லை' என்று பதில் சொல்லவே வழியில்லாத கேள்வி.

வீட்டுக்கு அனுப்பும்போதும் அப்படியே. மருந்துப் பையில் இரண்டு பிஜி, மூன்று காலி செஹாரி என்று மலாயில் எழுதியிருக்கும். இரண்டு மாத்திரை, ஒரு நாளில் மூன்று தடவை. "புரிஞ்சுதா தாத்தா?" என்றால் "புரிஞ்சுது." நான் கேட்கச் சொல்வது: "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும் தாத்தா. நாளைக்குக் காலையில எழுந்ததும் இந்தப் பையில இருந்து என்ன எடுப்பீங்க, எடுத்துக் காட்டுங்க." ஒரு தாத்தா மூன்று மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், காலைக்கு மூன்று, ராத்திரிக்கு மூன்று. இரத்த அழுத்த மருந்து அது. அந்தச் சுருக்கம் விழுந்த உள்ளங்கையையும் அதில் இருந்த மூன்று வெள்ளை வில்லைகளையும் இப்போதும் கண் முன்னால் பார்க்கிறேன். வீட்டுக்குப் போயிருந்தால் குளியலறையில் விழுந்து கிடந்திருப்பார், யாரும் காரணம் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

இதுவரை சொன்னது நோயாளியின் ஆமாம். ஊழியர்களின் ஆமாம் இதைவிடக் கடினமானது. அதற்குத்தான் நான் பயிற்சியில் பாதிக்கு மேல் நேரம் ஒதுக்குகிறேன்.

2005 மார்ச் மாதம் இங்கிலாந்தில் எலேன் ப்ரோமிலி என்ற 37 வயதுப் பெண் சைனஸ் அறுவை சிகிச்சைக்குப் போனார். இரண்டு பிள்ளைகளின் தாய். மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுக்குழாய்க்கு வழி கிடைக்கவில்லை. அனுபவம் வாய்ந்த மூன்று டாக்டர்கள் குழாயை உள்ளே செலுத்த மறுபடி மறுபடி முயன்றார்கள். நேரம் போவது அவர்களுக்குத் தெரியவில்லை. அறையில் இருந்த தாதிகளுக்குத் தெரிந்தது. ஒரு தாதி கழுத்தில் துளையிட்டு மூச்சு வழி அமைக்கும் செட்டைக் கொண்டு வந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. இன்னொரு தாதி ஐசியூவில் படுக்கை கேட்டு வைத்துவிட்டு வந்து சொன்னார். டாக்டர்கள் பார்த்த பார்வையில், தான்தான் பதறிவிட்டோமோ என்று நினைத்து அதை ரத்து செய்துவிட்டார். எலேன் கண் விழிக்கவே இல்லை. 13 நாள் கழித்து இறந்துபோனார்.

அவருடைய கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு விமானி. விபத்து நடந்தால் விசாரித்து, காரணத்தைக் கண்டு, எல்லோருக்கும் சொல்லித்தருவது விமானத் துறையில் பழக்கம். ஆஸ்பத்திரியில் ஏன் அப்படி இல்லை என்று கேட்டார். யாரையும் தண்டிக்க வேண்டும் என்று கேட்கவில்லை, அதுதான் என்னை உலுக்கியது. தெரிந்தவர்கள் அறையில் இருந்தும் அவர்கள் சொன்னது ஏன் ஏறவில்லை என்பதுதான் அவர் கேள்வி.

விமானத் துறைக்கும் அந்தப் பாடம் சும்மா வரவில்லை. 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட ஓடிக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர், எதிரே உள்ள விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகத்தோடு கேட்டார். மூத்த கேப்டன், விலகிவிட்டது, ஆமாம் என்று அடித்துச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. அந்த மௌனத்தைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பே அமைதியாகிவிடும். ஏனென்றால் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும்.

நம் வீடுகளில் பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன். நல்ல பழக்கம்தான். ஆனால் அதே பிள்ளை தாதி உடுப்பு போட்டுக்கொண்டு ஒரு மூத்த டாக்டர் முன் நிற்கும்போது, அந்தப் பழக்கம் தொண்டையைப் பிடித்துக்கொள்கிறது. பேசு என்று சொன்னால் மட்டும் பேச வராது. வாயைப் பழக்க வேண்டும்.

பயிற்சி அறையில் நான் செய்வது இதுதான். ஒரு பொம்மை நோயாளி, கட்டில் தலைமாட்டில் கேஸ் நோட், அதன் மேல் சிவப்பில் 'பெனிசிலின் ஒத்துக்காது'. பக்கத்து அறையிலிருந்து நான் டாக்டராக ஃபோன் செய்வேன். "ஆக்மென்டின் ஒரு டோஸ் கொடுத்திடு, நான் தியேட்டருக்குப் போறேன்." ஆக்மென்டினில் இருப்பது அமாக்ஸிசிலின், அதுவும் பெனிசிலின் இனம்தான். ஆக்மென்டின் என்ற பெயர் சிலின் என்று முடியாததால் பலருக்கு உறைப்பதில்லை. சென்ற வருடம் நிபோங் தெபாலிலிருந்து வந்த ஒரு பெண் ஃபோனை எடுத்தாள். 21, 22 வயது இருக்கும். "ஓகே டாக்டர்" என்று வைத்துவிட்டாள். மருந்தைக் கலக்க ஆரம்பித்தாள். கலக்கும்போது கை மெதுவாகிறது. நோட்டைப் பார்க்கிறாள், குப்பியைப் பார்க்கிறாள், மறுபடி நோட்டைப் பார்க்கிறாள். அப்புறம் ஊசியில் ஏற்றிவிட்டாள்.

முடிந்த பிறகு தனியாகக் கேட்டேன். அழுதேவிட்டாள். "பார்த்தேன் சிஸ்டர். டாக்டருக்குத் தெரிஞ்சுதான் சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன்."

திட்டவில்லை. திட்டினால் அவள் கற்றுக்கொள்வது இனி தவறைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும்தான். அமெரிக்காவில் 2006இல் வந்த டீம்ஸ்டெப்ஸ் என்ற பயிற்சி முறையில் மூன்று படி உண்டு. எனக்குக் கவலையாக இருக்கிறது. இதில் எனக்குச் சம்மதம் இல்லை. இது நோயாளியின் பாதுகாப்பு விஷயம். முதல் படியில் கேட்காவிட்டால் இரண்டாவது, அதுவும் ஏறாவிட்டால் மூன்றாவது. நாங்கள் அதை நம் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டோம். "டாக்டர், எனக்குக் கவலையா இருக்கு. இவங்களுக்குப் பெனிசிலின் ஒத்துக்காதுன்னு எழுதியிருக்கு. நீங்க வந்து பார்க்கிற வரைக்கும் இந்த மருந்தை நான் கொடுக்கல." மலாயில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. எந்த மொழியில் அந்த நேரத்தில் வாய் திறக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பெண் முதல் முறை சொன்னபோது எனக்கே கேட்கவில்லை. ஐந்தாவது முறை பக்கத்து அறை வரை கேட்டது.

ஃபோனில் வரும் உத்தரவைத் திருப்பிப் படித்துக் காட்டுவதும் இதே பழக்கத்தின் இன்னொரு பக்கம். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதில் ஒன்றாகவே விழும். "ஒன்று, ஐந்து, பதினைந்து மில்லிகிராம், சரியா டாக்டர்?" என்று எண்ணை உடைத்துக் கேட்க வேண்டும். தமிழில் பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இந்தக் குழப்பமே வராது, இது நம் மொழியில் எனக்குப் பிடித்த ஒன்று. எழுதும்போது யூனிட் என்பதை ஒற்றை யூ எழுத்தாகச் சுருக்கக் கூடாது. 10க்குப் பக்கத்தில் அவசரமாக எழுதிய யூ, இன்னொரு சுழியம் மாதிரித் தெரியும். பத்து நூறாகும். இன்சுலினில் அது உயிர்.

பயிற்சிக்கு வருபவர்களில் பலர் சி.பி.டி. எனும் தொடர் தொழில் மேம்பாட்டுப் புள்ளிக்காக வருகிறார்கள். உரிமத்தைப் புதுப்பிக்க அது வேண்டும். இரவு ட்யூட்டி முடிந்து நேராக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கண் சொக்குபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 60 சிலைடு ஓட்டிவிட்டு, கடைசியில் 20 கேள்வி கொடுத்து, எல்லோரும் பாஸ் என்று அனுப்பும் பயிற்சியைத்தான் குறை சொல்வேன். அப்படியொரு வகுப்பில் உட்கார்ந்து நூற்றுக்கு நூறு வாங்கியவள்தான் ஏழாம் கட்டிலுக்குப் போன நானும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்றால், விளக்கக் கடிதம் கேட்டார்கள். மலாயில் மூன்று பக்கம் எழுதினேன். கவனக்குறைவு, இனி நடக்காது, மன்னிக்கவும். கடிதம் ஃபைலுக்குப் போனது. கட்டிலை மாற்றியதை மருந்துத் தட்டுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும், சீட்டில் ஏன் பெயர் இல்லை, ட்யூட்டி மாறும் நேரத்து பாஸ் ஓவரில் அது ஏன் விட்டுப்போனது, இதில் ஒன்றையும் யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதமும் அதே துண்டுச் சீட்டுதான் ஓடியது. இதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. தவறு செய்தவளை நிற்கவைத்துக் கேட்டார்கள், தவறு நடந்த வழியைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

இப்போது நாங்கள் ஐ.ஆர். என்று சொல்லும் சம்பவ அறிக்கையை எழுதுபவரிடம் நான் முதலில் கேட்பது, "எப்படி நடந்துச்சு?" யார் என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். தப்பித்த சம்பவங்களையும் எழுதச் சொல்கிறேன். ஊசி போடுவதற்கு ஒரு நொடி முன் கண்டுபிடித்ததும் அறிக்கைதான்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். பயிற்சி என்றால் டாக்டர், தாதி என்று மட்டும் அழைப்பார்கள். துப்புரவு செய்யும் அக்காக்கள், தள்ளுவண்டி தள்ளும் அண்ணன்கள், சாப்பாடு கொண்டு வருபவர்கள் வெளியே. நான் அவர்களையும் உட்காரவைக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். அரை மணி நேரம், தமிழிலும் மலாயிலும். அதற்கு அடுத்த வாரமே துப்புரவு அக்கா ஒருவர் கையில் ஈரப் பட்டை ஒன்றோடு என்னிடம் வந்தார். "சிஸ்டர், இது பாத்ரூம் தரையில கெடந்துச்சு. யாரோ பாட்டியோட கைப்பட்டை. பேர் எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா இது இல்லாம ஊசி போடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க." வீக்கம் வடிந்ததால் குளிக்கும்போது பட்டை நழுவிவிட்டது. அன்று மதியம் அந்தப் பாட்டிக்கு இரத்தம் ஏற்றுவதாக இருந்தது.

செப்டம்பர் 17 உலக நோயாளிப் பாதுகாப்பு நாள். 2019இல் ஆரம்பித்தார்கள், முதல் வருட முழக்கமே நோயாளியின் பாதுகாப்புக்காக வாய் திறந்து பேசுங்கள் என்பதுதான். 2023இல் நோயாளிகளின் குரலை உயர்த்துவோம் என்றார்கள். நாங்களும் ஆரஞ்சு நிறத்தில் உடுத்திக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த நாளில் நான் அக்காவின் கைப்பட்டைக் கதையைச் சொல்வேன். அவரையும் மேடைக்குக் கூப்பிட்டேன், வெட்கப்பட்டு வர மறுத்துவிட்டார்.

போன மாதம் என் அம்மாவுக்குக் காய்ச்சல் விடவில்லை. நான் வேலை செய்யாத வேறோர் இடத்தில்தான் சேர்த்தோம். இரவு எட்டு மணிக்கு ஒரு சின்னப் பெண் ஆன்டிபயாட்டிக் ஊசியோடு வந்தாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது.

"ஆயா, உங்க முழுப் பேரு சொல்லுங்க."

அம்மா கண்ணை மூடியபடி படுத்திருந்தார். பாவம், களைத்திருக்கிறார் என்று நினைத்து நான் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் ஒரு கையை லேசாக உயர்த்தினாள். "அக்கா, மன்னிச்சுக்குங்க. ஆயாவே சொல்லட்டும்."

அம்மாவுக்குச் சலிப்பு. "காலையில இருந்து இது அஞ்சாவது தடவை. எத்தனை வாட்டிதான் கேப்பீங்க?" என்றார். பிறகு அப்பா பெயரோடு சேர்த்து முழுப் பெயரையும் சொன்னார். அவள் கைப்பட்டையை விளக்குப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மா ஐசி எண்ணை மலாயில் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் கோசோங், தூஜோ என்று பினாங்கின் சுழியமும் ஏழும் வந்தபோது, அந்தப் பெண்ணின் விரல் பட்டையில் அதே எண்ணின் மேல் இருந்தது.